குறியீடு ஒன்று: தற்செயல்

"தலையை இந்தப் பக்கம் சாய்டி. காது தெரியுது" என்றாள் அம்மா.

பெரியவள் அசையவில்லை. அம்மா அவளுக்கு இடது பக்கம் நின்று சொன்னதால் அது அவளுக்கு எட்டவில்லை. அடுத்த கணமே அம்மாவுக்கு உறைத்தது. மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். காதுக்குப் பின்னால் நீலமும் மஞ்சளுமாய்க் கன்றிக் கிடந்த இடத்தின் மேல் முடியை இழுத்துவிட்டுக் கொண்டை ஊசியைச் செருகினாள்.

"கொஞ்சம் பவுடர் போடட்டுமா?"

"வேண்டாம்மா. எரியும்."

சமையலறை வாசலில் சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கூடத்தில் அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் பெரியப்பா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் கேட்டன. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மாடிப்படியில் யார் ஏறினாலும் எட்டிப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரி, பெரியவள் பெட்டியோடு வந்த அன்றிலிருந்து, "உங்க பெரியவ எப்போ போறா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவும் "அடுத்த வாரம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"சிரிச்ச முகமா வா" என்றாள் அம்மா. "பெரியவர் கேட்டா நீயே பதில் சொல்லு. எதையாவது உளறி வைக்காதே."

மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. டாக்டர்களின் அறை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்து பழகியவர். குரலை உயர்த்திப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அத்தை கைக்கு ஒரு தனி ருசி" என்றார். பெரியவள் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு வலது பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மாப்பிள்ளை எழுந்து, இடது பக்கம் வந்து உட்கார்ந்தார். சின்னவள் அதைக் கவனித்தாள்.

பேச்சுக்கு நடுவே மாப்பிள்ளை முகத்தைத் திருப்பாமல் தணிந்த குரலில், "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்.

பெரியவள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மாப்பிள்ளை காத்திருந்தார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சின்னதாகச் சிரித்தார்.

"பாத்தீங்களா அத்தை? இதைத்தான் சொல்றேன். கூப்பிட்டாத் திரும்பக்கூட மாட்டா. மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா?"

"அக்காவுக்கு அந்தக் காது கேக்காது அத்தான்" என்றாள் சின்னவள். "சவ்வு கிழிஞ்சுபோச்சு, இனி கேக்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"நீ உள்ளே போ" என்றார் அப்பா.

அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் எழுதியதில் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் தூக்கம் வராது அவருக்கு. தம் வீட்டுக் கூடத்தில் நடப்பதை மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா. மத்தவங்க பேச்செல்லாம் எதுக்கு? அன்னைக்கு என்ன நடந்துச்சு? உன் வாயாலயே சொல்லு."

பெரியவள் தன் மடியைப் பார்த்தாள்.

"அவரு ஏதோ சொல்லிக்கிட்டே கையை வீசினாரு. நான் குறுக்கே வந்துட்டேன்."

"அவ்வளவுதானே!" பெரியப்பா தொடையில் தட்டினார். "தற்செயலா நடந்தது. இதுக்குப் போய் ஆளாளுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு!"

அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை இருந்தது. மாதக் கடைசியில் வந்து அழைத்துப்போவதாக முடிவாயிற்று.

அவர்கள் போன பிறகு சின்னவள் அக்காவின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"வேற எப்படிடி சொல்றது?" என்றாள் பெரியவள். "அவரு பக்கத்துல உக்காந்திருக்காரு."

*

சின்னவளுக்கு ஒரு சமூக ஆய்வு நிறுவனத்தில் வேலை. குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பெரிய சர்வே ஒன்று அப்போதுதான் முடிந்திருந்தது. பேட்டியாளர்கள் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வந்த படிவங்கள் அட்டைப் பெட்டிகளில் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு நின்றன. அதிலிருக்கும் சொற்களை எண்களாக்கி, கணினியில் ஏற்றத் தோதாகச் செய்து தர வேண்டும். ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் இரண்டு, வாயே திறக்காதவர்களுக்குத் தொண்ணூற்றொன்பது. குறியீட்டுக்கு ஆங்கிலத்தில் கோட் என்பதால், அலுவலகத்தில் இதைக் 'கோடு போடுறது' என்பார்கள். "கோடு போடவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? ஸ்கேல் வாங்கிக் குடுத்திருந்தாப் போதுமே" என்று அப்பா கேட்டது வீட்டில் பழைய வேடிக்கை.

எண் போடுவதற்கு முன் படிவத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஏழு வயதில் மூன்று பிள்ளை பெற்றவள் வருவாள். முதல் பக்கத்தில் செத்துப்போன கணவன் நான்காம் பக்கத்தில் சம்பளம் வாங்குவான். அப்படிப்பட்ட ஆட்களைத் துரத்திப் பிடிப்பதில் சின்னவளுக்கு ஒரு குஷி உண்டு. அந்த வாரம் அந்தக் குஷி வரவில்லை. அவள் மேசைக்கு வந்திருந்தது காயம் பற்றிய கேள்வி.

'கடந்த ஓராண்டில் வீட்டில் உங்களுக்குக் காயம் ஏற்பட்டதா? எப்படி ஏற்பட்டது?'

பெண்கள் சொன்னதைப் பேட்டியாளர்கள் சொன்னபடியே எழுதியிருந்தார்கள். தற்செயல் என்றால் ஒன்று. உடல்நலக் குறைவால் விழுந்தது என்றால் இரண்டு. இன்னொருவர் செய்தது என்றால் மூன்று. ஒரே படிவத்துக்கு இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், தனித்தனியாக எண் போடுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால் சரி. இல்லையென்றால் இயக்குநர் முடிவு செய்வார். முரண்பாடு அளவு மீறினால் அந்தக் கேள்வியே நம்பத்தக்கதல்ல என்று அறிக்கையிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

'கையை ஓங்கினாரு, நான் முகத்தைக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்' என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். 'அவரு எறிஞ்ச பக்கம் நான் நின்னுட்டேன்' என்று இன்னொருத்தி. 'கதவு வேகமா வந்துச்சு.' 'என் நேரம், அந்த இடத்துல இருந்துட்டேன்.' எந்தத் தெருவோ, எந்த வீடோ! ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பெண்கள் எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள். அக்காவும் அப்படித்தானே சொன்னாள் என்று சின்னவளுக்குத் தோன்றியது. 'பேட்டியின்போது உடன் இருந்தவர்' என்ற கட்டத்தைப் பார்த்தாள். கணவர். கணவர். மாமியார். கணவர்.

அவள் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டாள்.

மாலையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது தாள் முழுக்கச் சிவப்பு. அவள் மூன்று போட்ட இடத்திலெல்லாம் மற்றவர் ஒன்று போட்டிருந்தார்.

அந்த மற்றவரை அலுவலகத்தில் 'நிதானம்' என்பார்கள். எதற்கும் "நிதானமா யோசிங்க" என்பார். புதிதாக வரும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதில் அவரைப்போலப் பொறுமைசாலி கிடையாது. யாருக்காவது தலைவலி என்றால் மாத்திரையும் வெந்நீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் தம் இடத்துக்குப் போவார்.

"நிதானமா யோசிச்சுப் பாரும்மா" என்றார். "அந்தப் பொம்பளையே தன் தப்புன்னு சொல்லுது. நாம என்ன கூட இருந்தா பாத்தோம்?"

"கை தானாவா சார் வீசிக்கும்?"

நிதானம் சிரித்தார். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. எங்க வீட்லயே ஒரு தரம் நடந்துச்சு. அவ ஏதோ பேசிக்கிட்டே பின்னாலயே வந்தா. நான் சடார்னு திரும்பினேன், கை பட்டுடுச்சு. பல்லு ஒண்ணு போச்சு. அதைப் போய் அடிச்சேன்னு சொல்வியா நீ? அவகிட்டயே கேட்டுப் பாரு. 'அவரு வேணும்னு செய்யலை'ன்னு அவளே சொல்லுவா." நல்ல செய்தியைச் சொல்வதுபோலச் சேர்த்துக்கொண்டார்: "அதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு சண்டை கிடையாது. அவ சத்தம் போட்டே நான் கேட்டதில்லை."

பேசிக்கொண்டே, தினமும் செய்வதுபோல, மனைவி கொடுத்தனுப்பிய ஆப்பிளை அறுத்துப் பாதியை அவள் பக்கம் நகர்த்தினார். சின்னவளால் அதைத் தொட முடியவில்லை.

மறுநாள் இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார். நரைத்த முடியைக் கத்தரித்துவிட்டிருந்த பெண்மணி. பெண்களின் நிலை பற்றி மேடைமேடையாகப் பேசியவர். அந்தப் பேச்சில் பொய் இருந்ததில்லை. தகராறில் இருந்த படிவங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானத்தை முதலில் அனுப்பிவைத்தார்.

"படிவத்துல இல்லாததை நாமளா படிக்கக் கூடாதும்மா. அதான் விதி."

"யாரு பக்கத்துல இருந்தாங்கன்னு அதே படிவத்துலதான் மேடம் இருக்கு."

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" இயக்குநரின் குரல் தாழ்ந்தது. "எனக்கும் புரியுது. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போகலைன்னா இந்தக் கேள்வியே அறிக்கையில இருக்காது. காயம்ங்கற வார்த்தையே இருக்காது. ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு ஏதோ ஒரு எண்ணு இருக்கட்டுமே."

"தப்பான எண்ணா இருந்தாக்கூடவா மேடம்?"

இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார். "அடிக்குறிப்புல விளக்கம் போட்டுடலாம். நீ மாத்திக் குடு."

சின்னவள் படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். பிறகு எதையும் மாற்றாமல், ஒப்பீட்டுத் தாளின் அடியில், 'முதல் குறியீட்டாளர் உடன்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இதை யாரு படிக்கப் போறா?" என்றார் இயக்குநர். அவர் கோபப்படவில்லை. அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை. தமக்கு இருந்த அதிகாரப்படி எல்லாவற்றுக்கும் ஒன்று என்று முடிவெழுதினார். அதற்கு மறுநாள் முதல் சின்னவளுக்கு வயது, படிப்பு இரண்டு கட்டங்கள் மட்டும் கொடுத்தார்கள். மீதிப் படிவங்களில் காயம் பற்றிய கேள்விக்கு நிதானத்தோடு இன்னொரு பெண்ணை உட்காரவைத்தார்கள். அவளும் அவரும் ஒரு படிவத்தில்கூட முரண்படவில்லை.

*

வீட்டில் மாதம் வேகமாகக் கழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை தினமும் மாலையில் போன் செய்வார். பெரியவள் வலது காதில் வைத்து, "ம்... ம்..." என்று கேட்டுக்கொள்வாள். வைத்ததும் குளியலறைக்குப் போய் முகம் கழுவுவாள். என்ன பேசினார் என்று கேட்டால், "சாப்பிட்டியான்னு கேட்டாரு" என்பாள். பின்னாலிருந்து யாராவது தொட்டால் துள்ளி விழுந்தாள். பாத்திரம் கீழே விழும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் சுற்றும்முற்றும் பார்த்தாள்.

அம்மா அவளுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். "அங்க போனதும் வாயை மூடிக்கிட்டு இரு. அவரு கூப்பிடறதுக்குள்ள எதிர்ல போய் நில்லு. முகத்தைப் பாத்தே என்ன வேணும்னு தெரிஞ்சுக்கோ" என்றாள். சொல்லும்போது அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவளை எதுக்கும்மா அனுப்பறே?" என்று சின்னவள் ஒருநாள் கத்தினாள்.

"வெச்சுக்கிட்டு? ஊரு கேக்கற கேள்விக்கு நீயா வந்து பதில் சொல்லப் போறே?"

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் பெரியப்பாவும் வந்தார்கள். பெரியப்பாவின் கையில் அன்றைய செய்தித்தாள் மடித்திருந்தது. உட்கார்ந்ததும் அதை விரித்துத் தட்டினார்.

"இதைக் கேளுங்க சம்பந்தி. 'வீடுகளில் பெண்களுக்கு நேரும் காயங்களில் பத்தில் ஒன்பது தற்செயலானவை. ஆய்வில் தகவல்.' நான் சொல்லலை. படிச்சவங்க கணக்கெடுத்துச் சொல்றாங்க." சின்னவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். "நம்ம சின்னவ வேலை பாக்கற ஆபீசாமே! பெருமையா இருக்கும்மா."

சின்னவள் அந்தத் தாளை வாங்கி முழுவதும் படித்தாள். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அடிக்குறிப்பு இல்லை. அமைதியான குடும்பங்கள் என்று தலைப்புப் போட்டு, சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படத்தை வெளியிட்டிருந்தார்கள்.

"அந்தப் பொம்பளைங்க பேசும்போது புருஷன் பக்கத்துல உக்காந்திருந்தான் பெரியப்பா" என்றாள். "அவங்க சொன்னதை இப்படி எண்ணா ஆக்கினது நாங்க. இது நெஜம் இல்லை."

"இவ ஆபீஸ் கணக்கை இவளே பொய்ங்கறா!" பெரியப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. ஆனால் அவர் கை செய்தித்தாளுக்காக நீண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில், வரிவரியாக விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார்.

வாசலருகே பெட்டி தயாராக இருந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல மனைவியின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். தணிந்த குரலில், "கிளம்பலாமா?" என்றார்.

பெரியவள் திரும்பவில்லை.

"பாத்தீங்களா அத்தை? ஒரு மாசம் வெச்சிருந்தீங்க. இன்னும் திருந்தலை."

எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பதை அப்போதுதான் பெரியவள் உணர்ந்தாள். கணவன் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"ஏதாவது சொன்னீங்களா? இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தக் காது கேக்காது. நீங்க அடிச்ச காது."

அவள் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று சொல்வதுபோலச் சொன்னாள். பெரியப்பாவின் சிரிப்பு வாயிலேயே நின்றது. டீத் தட்டோடு வந்த அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள்.

மாப்பிள்ளை எழுந்தார். முகத்தில் அதே புன்னகை. அவசரப்படாமல் சோபாவைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து குனிந்தார். மனைவியின் முடியை விரலால் ஒதுக்கி, காதில் ஏதோ சொன்னார். சின்னவள் அத்தனை அருகில் இருந்தும் அவளுக்குக் கேட்கவில்லை. பெரியவளின் உதடு வெளுத்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

"என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லை அத்தை. புருஷன் பொண்டாட்டி விஷயம்."

அம்மா மகளைப் பார்த்தாள். "என்னடி சொன்னாரு?"

பெரியவள் அம்மா பக்கம் திரும்பினாள். "'இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே'ன்னு சொல்றாரும்மா."

அம்மா தட்டை மேசைமேல் வைத்தாள். ஒரு டம்ளர் சாய்ந்து டீ வழிந்து தரையில் சொட்டியது. அதைத் துடைக்க யாரும் எழவில்லை.

"வெளியே போடா" என்றாள்.

மகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'நீங்க', 'வாங்க' தவிர வேறு சொல்லால் அழைத்தறியாதவள் அவள்.

"என்ன சம்பந்தியம்மா, வாய் நீளுது?" என்று பெரியப்பா எழுந்தார். "என்னங்க, நீங்க உக்காந்து வேடிக்கை பாக்கறீங்களே!" என்று அப்பாவிடம் திரும்பினார்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். வாசலுக்குப் போனார். பெரியவளின் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி, உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினார். திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டு, பிடியைப் பிடித்தபடி நின்றார்.

மாப்பிள்ளை செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டார். "சரி மாமா. எத்தனை நாளைக்கு வெச்சுக்கறீங்கன்னு நானும் பாக்கறேன்" என்றார், அதே தணிந்த குரலில்.

*

அதற்குப் பிறகும் சில மாலைகளில் மாப்பிள்ளையின் கார் தெருமுனையில் விளக்கு எரியாமல் நின்றது. போன் அடிக்கும், எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். சின்னவள் அக்காவைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் புகார் கொடுக்கப் போனாள். எழுதி வாங்கிக்கொண்டவர், "ஒரு தடவை பேசிப் பாக்கக் கூடாதா?" என்று மூன்று தடவை கேட்டார். அலுவலகத்தில் இயக்குநர் அவளைத் தனியே அழைத்து, அடிக்குறிப்பை இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள் என்றும், அடுத்த சர்வேயிலாவது பெண்களைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். சின்னவள் தலையசைத்துவிட்டு வயது, படிப்புக் கட்டங்களுக்குத் திரும்பினாள். அடுத்த மேசையில் நிதானம் ஆப்பிள் அறுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, குப்பைக் கூடையை வெளியே வைக்கக் கதவைத் திறந்தாள் அம்மா. எதிர்க்கதவும் திறந்தது.

"என்ன, பெரியவ இன்னும் கிளம்பலையா? அன்னைக்குப் பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தீங்களே" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது 'அடுத்த வாரம்'. பின்னால் கூடத்தில் பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, தலை நிமிரவில்லை.

"அவ போகப் போறதில்லை" என்றாள் அம்மா. "கட்டினவன் அடிச்சதுல ஒரு காது போயிடுச்சு. தற்செயல் இல்லை. அடிச்சான். இனி அனுப்ப மாட்டோம்."

மாடிப்படி முழுவதும் அது எதிரொலித்தது. எதிர்வீட்டுக்காரி பதறிப்போனாள். "மெதுவாங்க, மெதுவா!" என்று கையை அசைத்தாள். தன் வீட்டுக்குள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உள்ளே அவள் கணவன் குளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கதவைத் தனக்குப் பின்னால் ஓசைப்படாமல் சாத்திவிட்டு அம்மாவின் அருகில் வந்தாள்.

"அந்தக் காது டாக்டர்" என்றாள், உதடு மட்டும் அசைய. "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"